கப்பல் தமிழ்

முகுந்தன் கப்பலில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மதுக்கூடத்தின் மறுபுறம் நின்றிருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர், "வாடா" என்றார்.

போர்ட் கிள்ளானிலிருந்து கிளம்பும் உல்லாசக் கப்பல் அது. முகுந்தனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டிய சபாபதியின் கடைசி மகன். ஆங்கிலம் ஓரளவு வரும், தட்டைச் சாய்க்காமல் ஏந்தத் தெரியும் என்று எடுத்துக்கொண்டார்கள். வெள்ளைக்காரர் தமிழில் கூப்பிடுகிறாரே என்று கையைத் துடைத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றான். கிழவர் குழம்பிப்போய் அவனைப் பார்த்தார். பக்கத்தில் கோப்பை துடைத்துக்கொண்டிருந்தவன் விழுந்து விழுந்து சிரித்தான். கிழவர் பேசியது அவனிடம். வெள்ளைச் சீருடையில் படியிறங்கிப் போன ஓர் அழகான அதிகாரியைக் காட்டி 'பார்' என்று சொல்லியிருக்கிறார். அவருடைய பாஷையில் 'வாடா' என்றால் 'பார்'.

அந்தப் பாஷைக்கு பொலாரி என்று பெயர். கிழவர் ரெஜி, லிவர்பூல்காரர். மீசை முளைக்காத வயதிலேயே கப்பலில் பணியாளாகச் சேர்ந்தவர். அவருடைய இளமையில், ஆணை விரும்பும் ஆணை அவர் நாட்டில் சிறையில் போடுவார்கள். அதனால் அப்படிப்பட்டவர்கள் நாடகக்காரர்களிடமிருந்தும், சர்க்கஸ்காரர்களிடமிருந்தும், சந்தை வியாபாரிகளிடமிருந்தும், நாடோடிகளிடமிருந்தும், மாலுமிகள் இத்தாலியத் துறைமுகங்களிலிருந்து கொண்டுவந்ததிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொற்களைப் பொறுக்கி ஒரு பேச்சை உண்டாக்கிக்கொண்டார்கள். சில சொற்களை இங்கிலீஷிலிருந்தே எடுத்துப் பின்னாலிருந்து முன்னாகப் படித்தார்கள். போலீஸ்காரன் பக்கத்தில் நின்றாலும் பயமில்லாமல் பேசலாம். சட்டம் மாறிய பிறகு கரையில் அதைப் பேசுகிறவர்கள் குறைந்துபோனார்கள். கப்பலில் மட்டும் கொஞ்ச காலம் அது மிதந்துகொண்டிருந்தது.

"பயத்துக்காக உண்டான பாஷைதான். ஆனால் அதில் பேசியதில் முக்கால்வாசி சிரிப்பு" என்று ரெஜி ஒருமுறை சொன்னார்.

தன் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது முகுந்தனுக்குப் பள்ளிக்கூட நாளிலேயே தெரியும். அதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்குச் சொல்லும் இருக்கவில்லை. தெருவில் கேட்ட சொற்களெல்லாம் காறித் துப்புகிற மாதிரி இருந்தன. இங்கே ஒரு கிழவர் அதையே பகடியாகப் பேசி, சிரித்து, அடுத்த கோப்பையை நிரப்பிக்கொண்டிருந்தார். முகுந்தன் அந்தப் பாஷையை வெறியோடு கற்றுக்கொண்டான். போனா என்றால் நல்லது. ஈக் என்றால் முகம். லாலி என்றால் கால். ஓமி என்றால் ஆண். நந்தி என்றால் இல்லை, வேண்டாம், வாயை மூடு. இந்தக் கடைசிச் சொல்தான் அவனுக்கு ரொம்பப் பிடித்தது. மலாயில் நந்தி என்றால் 'பிறகு'. அரசாங்க அலுவலகங்களில் 'நந்தி' என்று ஒருவர் சொன்னால் அது நடக்காது என்றுதான் அர்த்தம். தமிழிலோ, கேட்கவே வேண்டாம், குறுக்கே படுத்துக்கொண்டு மறைப்பதே நந்தியின் வேலை. மூன்று பாஷையும் ஒத்துப்போகிற ஒரே சொல் என்று ரெஜியிடம் விளக்கினான். ரெஜி அந்த வாரம் முழுக்க எல்லோரிடமும் அந்தக் காளையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

பல வருடங்கள் கடலில் சுற்றிவிட்டு, தண்ணீர் போதும் என்று தோன்றிய ஒரு நாளில் முகுந்தன் கிள்ளானுக்குத் திரும்பினான். கல்யாண விருந்துகள் நடத்தும் ஒரு சமையல் நிறுவனத்தில் பரிமாறுகிறவர்களுக்குத் தலைவனாகச் சேர்ந்தான். ஆயிரம் பேர் மண்டபத்தில், எந்த வரிசையில் சாம்பார் தீர்ந்திருக்கிறது, எந்த மாமாவுக்குக் கோபம் வரப்போகிறது என்பதெல்லாம் அவனுக்குத் தூரத்திலிருந்தே தெரியும். கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் வரை மண்டபக்காரர்கள் எல்லோரும் அவனைக் 'கேப்டன்' என்றே கூப்பிட்டார்கள்.

அந்த வேலையில்தான் உஷாராணியும் திருச்செல்வமும் கிடைத்தார்கள். உஷாராணி கம்போங் மேடானில் இருக்கும் திருநங்கை. மணப்பெண் அலங்காரத்தில் அவள் கைக்கு அப்போதே கிராக்கி. திருச்செல்வம் சாலாக் செலாத்தானில் அண்ணன் குடும்பத்தோடு இருப்பவன், மேசை நாற்காலி ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். எடுத்த எடுப்பில் யாரையும் நம்பாத ஆள். முகுந்தனுக்கு ஆறு மாதம் வரை 'குட் மார்னிங்' கூடச் சொல்லவில்லை. ஒருநாள் மண்டபத்தின் பின்வாசலில், மாப்பிள்ளைத் தோழன் ஒருவன் வேட்டி தடுக்கித் தடுமாறுவதைப் பார்த்து முகுந்தன் தன்னையறியாமல் "வாடா, லாலிய வாடா" என்று முணுமுணுத்தான். "என்ன சொன்ன?" என்றான் திருச்செல்வம். முகுந்தன் அர்த்தம் சொன்னான். திருச்செல்வம் அந்த மாப்பிள்ளைத் தோழனின் காலை நிதானமாகப் பார்த்துவிட்டு, "போனா" என்றான். அன்றிலிருந்து மூவரும் ஒரே கூட்டம்.

ரெஜியின் பாஷையை அப்படியே வைத்துக்கொள்ள மூவருக்கும் பொறுமை இல்லை. உஷாராணி மலாய்ச் சொற்களைப் பின்னாலிருந்து படிக்கத் தொடங்கினாள். பாகுஸ் என்றால் நன்று, திருப்பினால் சுகாப். லாக்கி என்றால் ஆண், திருப்பினால் இக்கால். போலீஸைத் திருப்பினால் சிலோப். மாலு என்கிற கூச்சத்தைத் திருப்பினால் உலாம் வந்தது, சோற்றோடு கடித்துக்கொள்ளும் பச்சிலைகளின் பெயர். "உலாம் வேணாம்" என்று சாப்பாட்டுக் கடையில் சத்தமாகவே சொல்லலாம். திருச்செல்வம் லோரியிலிருந்து கொண்டுவந்தான். ஊருக்காகக் கல்யாணம் செய்துகொண்டவர் 'தார்ப்பாய் போட்ட லோரி'. உளுந்துவடை 'டயர்'. தங்களைப் போன்றவர்களைக் குறிக்க ரெஜி 'ஓமி பலோன்' என்பார், ஆணும் பெண்ணும் சேர்ந்தது என்று அர்த்தம். இவர்கள் வாயில் அது ஒரே வாரத்தில் 'ஓமி பலூன்' ஆகி, பிறகு வெறும் 'பலூன்' ஆகிவிட்டது. "அவர் பலூனா?" என்று கேட்டால், மண்டபத்தில் பலூன் கட்டும் அலங்காரக்காரர்கள் தங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று ஓடிவருவார்கள்.

இதற்கு அவர்கள் வைத்த பெயர் கப்பல் தமிழ். ஞாயிறு கல்யாணம் முடிந்து, பாத்திரங்கள் ஏறி, லோரி போன பிறகு, பிரிக்பீல்ட்ஸில் கன்னையாவின் கடையில் உட்கார்ந்து, நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் குடித்துக்கொண்டே பேசுவார்கள். கன்னையா கல்லாவில் இருப்பார். அவர் மனைவி நல்லம்மாள் வாசல் பக்கம் வடைச் சட்டியோடு இருப்பாள். அந்த வாரக் கல்யாணம் முழுவதும் மறுபடி ஒருமுறை அந்த மேசையில் நடக்கும்.

ஒரேயொரு கெட்ட நினைவு உண்டு. ரெஜியின் நாட்டில் மாறிய சட்டம் இங்கே இன்னும் மாறவில்லை. ஒருமுறை, தங்களைப் போன்றவர்கள் கூடிய ஒரு நண்பனின் பிறந்தநாள் விருந்தில் போலீஸ் அதிகாரிகள் புகுந்து, எல்லோருடைய அடையாள அட்டையையும் வாங்கி, வரிசையில் நிற்கவைத்து, படமெடுத்துவிட்டுப் போனார்கள். வழக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் திருச்செல்வம் அதன் பிறகு எந்த விருந்துக்கும் போனதில்லை. கடையில் உட்கார்ந்தாலும் முதுகைச் சுவருக்குக் கொடுத்துத்தான் உட்காருவான்.

முகுந்தனுக்கு ஐம்பத்தொன்று நடந்தபோது கிள்ளானில் ஒரு கல்யாணம் வந்தது. பெண் ஷாமினி. சுங்கை வே பக்கத்துக் குடும்பம். காலை முகூர்த்தம், மத்தியானம் வாழையிலை. இரண்டாம் பந்தியில் முகுந்தன் பாயச வாளியோடு மூன்றாவது வரிசையில் வந்துகொண்டிருந்தான். பட்டுச் சட்டை போட்ட ஒருவர், நரைத்த தலை, மழித்த முகம், இலையிலிருந்து நிமிர்ந்து அவனுக்கு மட்டும் கேட்கும்படி மெல்லச் சொன்னார்.

"உங்க லாலி ரொம்ப சுகாப்."

உங்கள் கால் ரொம்ப அழகு.

முகுந்தனின் கரண்டி வாளி விளிம்பில் மோதியது. பாயசம் அவருடைய அப்பளத்தின்மேல் விழுந்தது. இருபது வருடத்தில் அவன் கை தவறியது அதுதான் முதல் தடவை.

"என்ன சார்?"

அந்த மனிதரின் காது மடல் சிவந்துவிட்டது. "தப்பா சொல்லிட்டேனா? லாலின்னா வேலை இல்லையா?"

முகுந்தன் வாளியைப் பக்கத்தில் இருந்தவன் கையில் திணித்துவிட்டுச் சமையற்கட்டுக்கு நடந்தான். நடக்கும்போது காலைப் பற்றிய நினைவு வேறு வந்து தொலைத்தது. உள்ளே உஷாராணி பெண்ணின் மாலை உடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். திருச்செல்வம் காலி நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் உஷாராணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். திருச்செல்வம் சிரிக்கவில்லை.

"சிலோப்பா இருக்கும்" என்றான்.

"பட்டுச் சட்டையிலயா?"

"எந்தச் சட்டையில வேணாலும் வருவாங்க. நம்ம மூணு பேரத் தவிர வெளிய ஒருத்தனுக்கும் தெரியாது. இந்த ஆளுக்கு எப்படித் தெரியும்? சொல்லு."

முகுந்தன் கதவிடுக்கு வழியாக மூன்றாவது வரிசையைப் பார்த்தான். பாஷை அவர்களுடைய வீடு மாதிரி. உள்ளிருந்து பூட்டியிருந்த வீட்டின் கூடத்தில் யாரோ நின்று வணக்கம் சொன்னால் எப்படி இருக்கும்? திருச்செல்வமே போய் அவரைப் பாத்திரம் கழுவும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். அவர் மறுப்பு எதுவும் சொல்லாமல் வந்தார். இடது கையில் வேட்டி நுனி, வலது கையில் இன்னும் பருப்பு ஒட்டியிருந்தது.

"யாரு நீங்க? யாரு அனுப்புனா?" என்றான் திருச்செல்வம்.

"யாரும் அனுப்பல. பேரு ராஜன். பொண்ணோட தாய்மாமன்."

"ஆமா லா, காலையில பொண்ணு நெத்தியில பட்டம் கட்டுனது இவர்தான்" என்றாள் உஷாராணி. "நான்தான் பக்கத்துல நின்னு பின்னு குத்துனேன்."

"அப்புறம் நம்ம பாஷை எங்க கத்துக்கிட்டீங்க?"

ராஜன் குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டார். அதற்குத் தேவைக்கு அதிகமாகவே நேரம் எடுத்துக்கொண்டார். "கன்னையா கடையில. பக்கத்து மேசையில உக்காந்து."

முகுந்தனுக்கு அப்போதுதான் ஆளைத் தெரிந்தது. தமிழ்ப் பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். இரண்டு வருடமாக ஞாயிறு தவறாமல் அங்கே இருந்தவர். அப்போது பெரிய மீசை இருந்தது. அந்த மீசையைப் பற்றி இவர்கள் பேசியிருக்கிறார்கள். ஈக் போனாதான், மீசை மட்டும் ஈக்குக்கு நந்தி என்று உஷாராணி தீர்ப்புச் சொல்லியிருந்தாள். அதற்கு அடுத்த வாரம் மீசை இல்லை. கட்டம் போட்ட சட்டையைக் கேலி செய்தார்கள். அதுவும் மறைந்தது. தற்செயல் என்றுதான் நினைத்திருந்தார்கள்.

"மீசைய எங்களாலயா எடுத்தீங்க?" என்றாள் உஷாராணி.

"நீங்க சொன்னது சரின்னு தோணுச்சு."

திருச்செல்வத்தின் முகம் இன்னும் இளகவில்லை. "ஏன் ஒளிஞ்சு கேட்டீங்க? நேரா வந்து பேசிருக்கலாமே."

"என்னன்னு வந்து பேசறது?" ராஜன் தலையைத் தூக்கினார். "கோயிலுக்குப் போய்ட்டு டீ குடிக்க உக்காந்தேன். மொதல்ல என்ன பாஷைன்னே தெரியல. ரெண்டு மூணு வாரத்துல ஒரு சொல்லு புரிஞ்சுது. அப்புறம் விட முடியல. வீட்டுக்குப் போய் எனக்கு நானே சொல்லிப் பாப்பேன். பேக்டரியில மெஷின் சத்தத்துல தைரியமா சொல்லுவேன். என்னைப் பத்திச் சொல்லிக்கிறதுக்கு எனக்குத் தெரிஞ்ச தமிழ்ல நல்ல வார்த்தை ஒண்ணும் இல்ல. உங்க பேச்சுல இருந்துச்சு." ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். "நானும் பலூன்தான்."

கழுவின டவராக்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உஷாராணி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணே, ஒரு திருத்தம். லாலின்னா வேலை இல்ல."

"இல்லையா? இவரு எப்பவும் கல்யாணம் முடிஞ்சு வந்து லாலி வலிக்குது, லாலி வலிக்குதுன்னு சொல்லுவாரே" என்று திருச்செல்வத்தைக் காட்டினார்.

"லாலின்னா கால்."

ராஜன் கண்ணை மூடிக்கொண்டார். "அப்ப நான் கேப்டன்கிட்ட என்ன சொல்லிருக்கேன்?"

"அவரோட கால் ரொம்ப அழகுன்னு."

ராஜன் கண்ணைத் திறந்து, முகுந்தனின் கறுப்புக் கால்சட்டையை ஒருமுறை பார்த்துவிட்டு, நேர்மையாகச் சொன்னார்: "நான் இன்னும் பாக்கலையே."

முகுந்தன் அன்று சிரித்த சிரிப்பில் மண்டபத்து மேலாளர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்.

அடுத்த ஞாயிறு ராஜன் அவர்கள் மேசைக்கே வந்தார். உஷாராணி நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவருக்கு நிறையச் சொல் தெரிந்திருந்தது, பாதிக்கு அர்த்தம் தவறாக இருந்தது. உலாம் என்பதை உண்மையான பச்சிலை என்றே நினைத்து, இவர்களுக்கு ஏன் எப்போதும் கீரைமேல் இத்தனை வெறுப்பு என்று யோசித்திருக்கிறார். சிலவற்றின் தவறான அர்த்தம் சரியான அர்த்தத்தைவிட நன்றாக இருந்ததால் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

திருச்செல்வம் மட்டும் முரண்டு பிடித்தான். ராஜன் உட்கார்ந்திருக்கும்போது கப்பல் தமிழில் ஒரு சொல்கூடப் பேசமாட்டான். லோரி டயர் விலை, மழை, நெடுஞ்சாலை நெரிசல் என்று செய்தி வாசிப்பது போலச் சுத்தத் தமிழில் பேசுவான். "ஒருத்தர் கேட்டுப் படிச்சிட்டாருன்னா அது பூட்டு இல்ல. எல்லாச் சொல்லையும் மாத்தணும்" என்று முகுந்தனிடம் தனியாகச் சொன்னான். மாற்றுவதற்கான புதுச் சொற்களைக்கூட யோசித்து வைத்திருந்தான். எல்லாம் லோரிப் பாகங்கள்.

ஒரு ஞாயிறு அவன் நேராகவே சொல்லிவிட்டான். "அண்ணே, உங்க மேல கோவம் இல்ல. ஆனா ரகசியம்னா ரகசியமா இருக்கணும். இந்தப் பாஷை நாலு பேரோட நிக்கணும்."

ராஜன் தேநீரை ஊதிக்கொண்டே கேட்டார். "நாலு பேரா?"

"ஆமா. ஏன்?"

"இல்ல, நீங்க சிலோப்னு சொன்னா கன்னையா அண்ணே என்ன செய்வார்னு பாத்ததில்லையா?"

"என்ன செய்வாரு?"

"ரேடியோவ சத்தமா வெப்பாரு. வெளிய போலீஸ் கார் நின்னா நீங்க அந்தச் சொல்லச் சொல்லிட்டுக் குரலைத் தாழ்த்துவீங்க. அவரு உடனே எழுந்து ரேடியோவத் திருகுவாரு. நான் மொதல் மாசத்துலேயே பாத்தேன். சிலோப்புக்கு அர்த்தம் கண்டுபிடிச்சதே அத வெச்சுத்தான்."

மூவரும் கல்லாவைத் திரும்பிப் பார்த்தார்கள். கன்னையா சில்லறைக் காசைக் கவனமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். சில்லறைக் காசை யாரும் துடைப்பதில்லை.

திருச்செல்வம் நம்ப மறுத்தான். சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தான். தட்டிலிருந்த வடையை எடுத்து, சுவரைப் பார்த்தபடி, தனக்குத் தானே பேசுகிறவன் போலத் தணிந்த குரலில் சொன்னான்.

"இந்த டயர் நந்தி போனா. நேத்து டயர்."

சட்டிப் பக்கமிருந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல், நல்லம்மாள் பதில் சொன்னாள். "அது இப்பத்தான் போட்டது. நேத்து டயர் எதுவும் எங்கிட்ட இல்ல."

உஷாராணி முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். திருச்செல்வம் வடையைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான். அவன் முகம் வெளுத்ததை முகுந்தன் பார்த்தான். அடையாள அட்டையும் படமெடுத்ததும் அந்த முகத்தில் வந்துபோயின. முகுந்தன் எழுந்து நல்லம்மாளிடம் போனான்.

"ஆன்டி, எவ்வளவு நாளா தெரியும்?"

"என்னா தெரியும்?" அவள் வடையைத் திருப்பிப் போட்டாள். "நீங்க அங்க சிரிக்கிறீங்க. எதுக்குச் சிரிக்கிறீங்கன்னு தெரியாம நான் மட்டும் இங்க எண்ணெயப் பாத்துக்கிட்டு இருக்கணுமா? காது கொடுத்துக் கேட்டேன். வாரம் ஒரு வார்த்தை. வீட்டுக்குப் போய் இவருக்குச் சொல்லுவேன்."

"யார் யாருன்னும்..."

"அதெல்லாம் எப்பவோ தெரியும். அதுக்கென்ன இப்ப?" கரண்டியால் கன்னையாவைக் காட்டினாள். "அவர்தான் சொன்னாரு, புரிஞ்ச மாதிரி காட்டிக்காத, அப்புறம் பேச்ச நிப்பாட்டிருவாங்கன்னு. இத்தனை வருஷம் வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன். இன்னிக்கி என் வடையச் சொல்லிட்டான், எப்படிப் பொறுக்கிறது?"

தங்களுக்குள் மட்டும் ஓடியதாக நினைத்த எல்லாப் பேச்சும் இந்த இரண்டு பேருடைய வீட்டிலும் மறுபடி ஒருமுறை சிரிக்கப்பட்டிருக்கிறது. கேட்டது வெளியே போகவில்லை. ரேடியோ மட்டும் சத்தமாக ஒலித்திருக்கிறது. பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. திருச்செல்வம்தான். முதலில் இருமுவது போல இருந்தது. பிறகு தோள் குலுங்கியது. சுவரை விட்டு நாற்காலியை முன்னால் நகர்த்தி, மேசையில் கையால் தட்டித் தட்டிச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து முகுந்தன் பார்த்ததில்லை.

"அப்ப எதுக்கு மச்சான் இத்தனை வருஷம் கஷ்டப்பட்டுப் பேசினோம்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

"கஷ்டமாவா இருந்துச்சு?" என்றாள் உஷாராணி.

கல்லாவிலிருந்து கன்னையா வாயைத் திறந்தார். "எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் ரொம்ப நாளா இருக்கு. தார்ப்பாய் போட்ட லோரின்னா என்ன? இவ சொல்லமாட்டேங்குறா."

ராஜன்தான் அதற்கு விளக்கம் சொன்னார். அவருக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் மிகச் சரியாகத் தெரிந்திருந்தது. மூன்று முறை அவருக்கே தார்ப்பாய் தேடியிருக்கிறார்கள் அவர் வீட்டில். கதையைக் கேட்டுக் கன்னையா தலையாட்டிக்கொண்டே எல்லோருக்கும் இன்னொரு சுற்றுத் தேநீர் போடச் சொன்னார்.

அன்று மாலை கொமுட்டரில் முகுந்தனும் ராஜனும் ஒன்றாகத் திரும்பினார்கள். இருவருக்கும் ஒரே ரயில்தான். கோலாலம்பூரிலிருந்து சுங்கை வே வழியாகக் கிள்ளானுக்குப் போகிற ரயில். இரண்டு வருடமாக இருவரும் ஒரே ரயிலில், வெவ்வேறு பெட்டியில் போயிருக்கிறார்கள். இப்போது பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ராஜன் தொழிற்சாலையைப் பற்றிப் பேசினார். இயந்திரம் நின்றுபோவதற்குச் சற்று முன்பு அதன் ஓசை எப்படி மாறும் என்று வாயாலேயே செய்து காட்டினார். எதிரில் உட்கார்ந்திருந்த மலாய்க்காரக் குழந்தை அதைக் கேட்டுக் கையைத் தட்டியது. பெட்டாலிங் வந்தது, போனது. ஸ்ரீ செத்தியா வந்தது. ராஜன் இறங்க வேண்டிய நிலையம். கதவு திறந்தது. ராஜன் எழவில்லை.

"உங்க ஸ்டேஷன்" என்றான் முகுந்தன்.

"தெரியும்."

கதவு மூடிக்கொண்டது. ராஜன் சன்னல் வழியாகத் தன் நிலையம் பின்னால் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகுந்தனுக்கு ஐம்பத்தொரு வயதில் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்ளும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. கப்பலில் சிலபேர் வந்துபோனதுண்டு. துறைமுகத்துக்குத் துறைமுகம் முடிந்துபோகிற கதைகள். தன் நிலையத்தை விட்டுவிட்டு அவனுக்காக ஒருவர் உட்கார்ந்திருந்தது இதுவே முதல் தடவை.

"கிள்ளான்ல நண்டு நல்லா கிடைக்கும்" என்றான், வேறு எதுவும் தோன்றாமல்.

"எனக்கு நண்டு உடைக்கத் தெரியாது."

"அது என் வேலை" என்றான் முகுந்தன்.

அன்று அவன் நண்டு வறுத்தான். ராஜன் வெங்காயம் நறுக்கினார், கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணீரோடு. சாப்பிடும்போது முகுந்தன் அரைக்கால் சட்டையில் இருந்தான். ராஜன் மேசைக்கடியில் குனிந்து பார்த்துவிட்டு, இப்போது தெரிந்து சொல்வதாகச் சொல்லி, அந்த மண்டபத்து வாக்கியத்தை மறுபடி சொன்னார்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை மாலையானால் ராஜன் கிள்ளானில் இருப்பார். மழைக்காலத்தில் ஒரு குடை அங்கேயே தங்கியது, பிறகு சட்டைகள், பிறகு கருவிப்பெட்டி. முகுந்தன் வீட்டில் வருடக்கணக்காக ஓடாமல் இருந்த மின்விசிறி ஓடியது. ஷாமினியின் அம்மாவான தன் அக்கா மலர்விழியிடம் ராஜன் எதையும் விளக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. தம்பியிடம் நேராகப் பேச வேண்டியதையெல்லாம் முகுந்தனுக்குத் தொலைபேசி செய்து சொல்லத் தொடங்கினாள். ராஜனுக்கு ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டதா, தீபாவளிக்கு எந்த அளவுச் சட்டை என்று.

ஷாமினியின் வளைகாப்புக்கும் அவள்தான் கூப்பிட்டாள்.

"எத்தனை பேருக்கு அக்கா? ஆளுங்கள எத்தனை மணிக்கு அனுப்பட்டும்?" என்றான் முகுந்தன்.

"ஆளுங்க எல்லாம் வேற எடத்துல சொல்லிட்டேன். நீங்க ராஜனோட வாங்க. வந்து உக்காந்து சாப்பிடுங்க."

சுங்கை வேயில் அவள் வீட்டு முன்னால் கொட்டகை போட்டிருந்தார்கள். உஷாராணிதான் ஷாமினிக்கு அலங்காரம். கை நிறைய வளையலோடு அந்தப் பெண் எல்லோருக்கும் தன் வயிற்றைப் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் மலர்விழி வந்து முகுந்தனின் முழங்கையைப் பிடித்து, முதல் பந்தியில், குடும்பத்தார் வரிசையில், ராஜனுக்கும் தன் கணவருக்கும் நடுவில் உட்கார வைத்தாள்.

முகுந்தனுக்கு உட்கார்ந்திருக்கவே வரவில்லை. தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்தான். பக்கத்து இலையையும் துடைத்தான். பரிமாற வந்த பையன்கள் சாம்பாரை வலமிருந்து ஊற்றிக்கொண்டு போனார்கள், கூட்டு வைக்க மறந்தார்கள். அவன் இரண்டு முறை எழப்பார்த்தான். இரண்டு முறையும் ராஜன் அவன் தொடையில் கை வைத்து அமர்த்தினார். எதிர் வரிசையிலிருந்த ஒரு பெரியவர் அதைப் பார்த்தார், பார்த்துவிட்டு ரசம் கேட்டார்.

மலர்விழி வரிசை வரிசையாக விசாரித்துக்கொண்டு வந்தாள். முகுந்தன் இலைக்கு முன்னால் நின்றாள்.

"என்ன, சாப்பாடு எப்படி? வாயத் தொறந்து சொல்லுங்க, நீங்கதான் இதுல பெரிய ஆளு."

"நல்லா இருக்கு அக்கா."

"பொய் சொல்றீங்க. கூட்டு வந்துச்சா?"

"வரல."

அவள் திரும்பிக் கொட்டகை முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள். "தம்பி, இங்க வீட்டு ஆளுங்களுக்குக் கூட்டு வரல பாரு."

கூட்டு வந்தது. பையன் இரண்டு கரண்டி வைத்தான். முகுந்தன் போதும் என்று சொல்லவில்லை. சோற்றைக் குவித்து, குழி பறித்து, நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தான்.